ராசிப் பலகையின் மூலைவிட்டம்

நான்கு பக்கமும் ஒரே அளவு என்றால் அது சதுரம்தான் என்று நம்புகிறீர்களா? இப்படி நம்பியவர்கள்தான் ஒரு பெண்ணை ஓராண்டு முழுக்கக் கேலி செய்தார்கள்.

அவள் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தாள். மாலையானால் கேரம் மன்றம். ஸ்ட்ரைக்கரைப் பலகையின் ஓரக் கட்டையில் மோதவிட்டுக் காயைக் குழியில் தள்ளுவதில் அவளுக்கு இணை கிடையாது. ஆனால் இறுதி ஆட்டம் மட்டும் மன்றத் தலைவர் வீட்டு ‘ராசிப் பலகை’யில்தான் நடக்கும். அதில் அவள் அடித்த காய்களெல்லாம் குழியின் உதட்டில் நின்றுவிட்டன.

அவளை ஜெயித்த தலைவரே, தோற்றவள் முகத்துக்கு நேரே ஸ்கேலை வைத்து நான்கு பக்கமும் அளந்து காட்டினார். “பலகை சரியாத்தாம்மா இருக்கு. உன் கைதான் கோணக்கை. ராசியும் வேணும்ல?”

பெயர் ஒட்டிக்கொண்டது. கடைக்கு வருபவர்கள்கூட, “கோணக்கை அக்கா, எங்க படத்தையாவது நேரா மாட்டுங்க” என்றார்கள்.

ராசி என்றதுமே அவளுக்குச் சந்தேகம். தோற்ற அன்றே, கூட்டம் கலைந்ததும் ராசிப் பலகையில் மூலைக்கு மூலை நூல் பிடித்தாள். சட்டம் கோணாமல் இருக்கக் கடையில் தினமும் செய்வதுதான். ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட விரலகலம் நீளம். பக்கங்கள் சமம், மூலைவிட்டங்கள் சமமில்லை. அது சதுரமே அல்ல, லேசாக நசுங்கிய சாய்சதுரம். அந்தச் சாய்வு தலைவருக்குக் கைப்பழக்கம். மற்றவர்களுக்கு ‘ராசியில்லை.’

மன்றத்தில் யாரிடமும் சொல்லாமல் வேலையில் இறங்கினாள். வீட்டில், எதிர்ப்பக்கம் அதே அளவு சாய்ந்த பலகை ஒன்றைச் செய்து, தினமும் அதிலேயே ஆடிப் பழகினாள்.

“கடையில படமெல்லாம் தூசி பிடிச்சுக் கிடக்கு. நீ காயோட குடும்பம் நடத்துற” என்றாள் தங்கை.

“அந்த ஆள் தோத்தா போதாதுடி. அவர் பலகையிலயே தோக்கணும்.”

அடுத்த ஆண்டு, மறுபடி தலைவரோடு மோதிய இறுதி ஆட்டத்தில், கூடம் நிறைந்த கூட்டத்தின் முன் நூலை எடுத்தாள். ஒரு மூலைவிட்டத்துக்குச் சரியாக இருந்த நூல், மற்றதற்கு எட்டவில்லை.

தலைவருக்கு வியர்த்தது. “மரம்தானே, நெளிஞ்சிருக்கும். வேற பலகை கொண்டு வாங்கப்பா.”

“எதுக்குத் தலைவரே? ராசிப் பலகையாச்சே. இதையே கால் சுத்து திருப்பிப் போடுங்க.”

திருப்பினார்கள். சாய்வும் எதிர்ப்பக்கம் திரும்பியது, அவள் வீட்டுப் பலகையைப் போலவே. இப்போது தலைவரின் காய்கள் குழியின் உதட்டில் நின்றன. அவளுடையவை வரிசையாக விழுந்தன.

அவள் ஜெயித்த கோப்பை எங்கே இருக்கிறதோ தெரியாது. குழியோரம் நின்ற காயைத் தலைவர் வெறிக்கும் படம் மட்டும் சட்டம் போட்டுக் கடை வாசலில் தொங்குகிறது. “நேராத்தான் மாட்டியிருக்கேன்” என்கிறாள், வருகிறவர்களிடமெல்லாம்.

உங்கள் மன்றத்திலும் ஒரு ராசிப் பலகை இருக்கலாம். பக்கத்தை அளந்து காட்டினால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். நாளைக்கே ஒரு நூலோடு போய், எல்லோரும் பார்க்க மூலைக்கு மூலை பிடியுங்கள்.