எச்சில் என்று திரும்பிய குப்பி

ஆஸ்பத்திரியில் அவருக்குச் ‘சளி மாமா’ என்று பெயர். அவருக்கு ஜலதோஷம் பிடித்து யாரும் பார்த்ததில்லை.

கீழ்த்தளத்து லேபில் இருபத்திரண்டு வருடம். மாடியில் வென்டிலேட்டரில் கிடப்பவருக்குக் காய்ச்சல் கண்டால், மூச்சுக்குழாயிலிருந்து உறிஞ்சியெடுத்த சளி குப்பியில் இவரிடம் வரும். நிமோனியாவா, நுரையீரலில் வெறும் நீர் கோத்ததா என்பதில் எக்ஸ்ரே மழுப்பும். எந்தக் கிருமி என்று சொல்வது இவர் பொறுப்பு. நோயாளிகளை அவர் போய்ப் பார்த்ததே இல்லை. “நுரையீரலைத்தான் தினமும் பார்க்கறேனே, மூஞ்சி வேற பார்க்கணுமா?” என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அசையமாட்டார். மைக்ராஸ்கோப்பில் வாய்த்தோல் செல்கள் கூட்டமாகத் தெரிந்தால் அது நெஞ்சுச் சளி இல்லை, எச்சில். எச்சிலில் வளரும் கிருமிக்கு மருந்து கொடுப்பது, எதிர்வீட்டுக்காரன் செய்த தப்புக்கு இவனைப் பிடித்து அடிப்பது மாதிரி. குப்பி திரும்பிப் போகும்.

ஒரு நாள் காலை வந்த குப்பியில் அவர் மனைவியின் பெயர் இருந்தது. மூளையில் ரத்தம் கசிந்து எட்டு நாளாக அந்த அம்மாள் வென்டிலேட்டரில். இவர் பார்வையாளர் நேரத்தில், சீட்டு வாங்கி, வரிசையில் நின்று பார்த்துவருவார்.

குப்பியைச் சோதித்தார். ‘எச்சில்’ என்று முத்திரை குத்தித் திருப்பினார். மாடியிலிருந்து நர்ஸின் போன் வந்தது.

“மாமா, அது அத்தையோடது. பார்த்தீங்களா?”

“பார்த்தேன். எச்சில். வேற எடுத்து அனுப்பு.”

“இந்த ஒரு தடவை மட்டும்...”

“உங்க அத்தை வாயைத்தான் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேனே. இப்ப எனக்கு நெஞ்சு வேணும்மா.”

வேறு எடுக்க மூன்று மணி நேரமாயிற்று. அதற்குள் காய்ச்சல் ஏறி ரத்த அழுத்தம் இறங்கவே, டூட்டி டாக்டர் காத்திராமல் ஆன்டிபயாடிக்கை ஏற்றிவிட்டார். அவர் செய்தது சரி. இவர் செய்ததும் சரி. கோளாறு இரண்டுக்கும் நடுவில் படுத்திருந்தது.

இரண்டாவது குப்பியில் அருமையான சளி. சீழ் செல்கள் ஏராளம், வாய்த்தோல் மருந்துக்குக்கூட இல்லை. ஆனால் இரண்டு நாள் கழித்தும் கிருமி வளர்க்கும் தட்டு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. முந்திக்கொண்ட மருந்து, கிருமியை நுரையீரலில் கொல்ல முடியாமல், தட்டில் வளரவிடாமல் மட்டும் செய்திருந்தது.

‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதி, தாளைத் தானே எடுத்துக்கொண்டு மாடியேறினார். அது பார்வையாளர் நேரமில்லை.

பெரிய டாக்டர் படித்துவிட்டு, “அப்ப நிமோனியா இல்ல. மருந்தை நிறுத்திடலாம்,” என்றார்.

“அதை நம்பாதீங்க சார்.”

“உங்க ரிப்போர்ட்டையா? நீங்களா சொல்றீங்க?”

“எடுக்கறதுக்கு முன்னாடியே மருந்து போயிடுச்சு. மொதக் குப்பியைத் திருப்பினது நான்தான்.”

மருந்து நிற்கவில்லை. ஆனால் கிருமி இன்னதென்று தெரியாமல் கொடுக்கிற மருந்து இருட்டில் எறிகிற கல். அன்றிலிருந்து ஐந்தாம் நாள் அந்த அம்மாள் இறந்துபோனார். சான்றிதழில் ‘நிமோனியா, கிருமி அறியப்படவில்லை’ என்றிருந்தது. ஊரார் கிருமிக்கெல்லாம் பெயர் சொன்னவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பிய நாளில் வந்த முதல் குப்பியே எச்சில். முத்திரையைக் குத்தினார், அதில் மாற்றமில்லை. பிறகு புதுக் குப்பி ஒன்றோடு மாடியேறி, அந்த நோயாளியின் கட்டிலருகே போய் நின்றார்.

“நீங்க எதுக்கு மாமா வந்தீங்க?” என்றாள் நர்ஸ்.

“மருந்து ஏத்திட்டியா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப மொதல்ல இதுல எடு. நான் நிக்கறேன்.”