காலி இடம் உள்ள வண்டி

பந்தயத் தடத்தில் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட கார் ஒன்றை நான் அன்றாட வண்டியாக வைத்திருக்கிறேன், அதுவும் கொல்லிமலையில். ஏன் என்று கேட்பவர்களுக்காக, வாங்குவதற்கு முன்பே பதினான்கு காரணங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை எழுதினேன். முதல் வரி: ‘எழுபது கொண்டை ஊசி வளைவுகள்.’ மற்ற பதின்மூன்றும் அதையே வேறு சொற்களில் சொன்னவை.

நான் வாகனப் பொறியாளர். வண்டிகளின் சஸ்பென்ஷனுக்குக் கணக்குப் போடுவது என் வேலை. வாரத்தில் இரண்டு நாள் கீழே அலுவலகம், மற்ற நாட்கள் மலைமேல் திண்ணனூர் நாட்டில் எங்கள் வீட்டிலிருந்தே. அதனால் எதையும் தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஏசி இல்லை, டிக்கி இல்லை, கண்ணாடி பாதிதான் இறங்கும், தரைக்கும் வண்டிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. முந்தைய உரிமையாளர் எடையைக் குறைப்பதற்காகப் பக்கத்து இருக்கையையும் கழற்றிவிட்டிருந்தார். அதை நான் நன்மைகளில் சேர்த்திருந்தேன்.

வேகத்தடைகளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். வீட்டிலிருந்து அடிவாரம் வரை பதினொன்று. ஒவ்வொன்றிலும் இறங்கி, இரண்டு பலாப் பலகைகளைத் தடைக்கு முன்னால் சாய்த்துவைத்து, ஏறிக் கடந்து, மறுபடி இறங்கிப் பலகைகளை எடுத்து உள்ளே போட வேண்டும். அளந்து பார்த்தேன். தடைக்கு மூன்று நிமிடம் நாற்பது நொடி, மொத்தம் நாற்பது நிமிடம். வளைவில் நான் முந்திய பஸ், தடையில் என்னை முந்தும். அதன் டிரைவர் முதலில் ஹாரன் அடித்தார், பிறகு சிரித்தார். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்குக் காட்டுவதுபோல் மெல்லக் கையசைத்துவிட்டுப் போகிறார்.

இதையெல்லாம் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாதது ஊர் வழக்கம்.

எங்கள் மலையில் காலி இடத்தோடு ஒரு வண்டி கீழே போகக் கூடாது. வழியில் கை காட்டுபவரை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றாமல் போன வண்டியைப் பற்றி ஒரு வருடம் பேசுவார்கள். என் காரில் இருக்கையே இல்லாததால் அந்த வழக்கம் எனக்குப் பொருந்தாது என்று அம்மாவிடம் விளக்கினேன்.

அம்மா மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: “நீ பொறக்கறதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது உங்கத்தையூட்டு ஜீப்புல. நீ பரீச்சைக்குப் போனது மேலூட்டுக்காரர் லாரியில. இப்ப நம்மூட்டு வாசல்ல வண்டி நிக்குது, ஒருத்தருக்கு ஒக்கார எடமில்ல. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கொழாயடிக்குப் போறது?”

“அது அந்த மாதிரி வண்டி இல்லம்மா.”

“அப்ப எந்த மாதிரி? ஒண்ணு ஆளை ஏத்து. இல்லீன்னா மிளகுப் பறிப்பு முடியறதுக்குள்ள வித்துப்போடு.”

கார் என்னுடையது, வாசல் அம்மாவுடையது. வேறு எங்கும் நிறுத்த இடமில்லை.

இருக்கை வாங்க முடிவு செய்தேன். ஆறு மாதிரிகளை ஒப்பிட்டு அட்டவணை போட்டேன். எடை, அகலம், பொருத்தும் துளைகள். மிக இலேசான பந்தய இருக்கையைத் தேர்ந்தெடுத்தேன். தொட்டில் மாதிரி ஆழம், தோளுக்கும் இடுப்புக்குமாக நான்கு பட்டைகள். அதில் ஏறுவதும் இறங்குவதும் எப்படி என்பதற்கு அட்டவணையில் இடம் ஒதுக்கவில்லை.

முதல் பயணி, அந்த ஜீப் வீட்டு அத்தை. ஜீப்பை விற்று வெகுகாலம் ஆகிறது. மடியில் மிளகு மூட்டையுடன் பேளுக்குறிச்சி சந்தைக்குப் புறப்பட்டார். அத்தை திரும்பி வந்து அம்மாவிடம் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில்தான் என் கார் நிற்பதும் போவதும் இருந்தது. ஆகவே பட்டைகளை நானே கவனமாக மாட்டிவிட்டேன்.

“ஏங்கண்ணு, ஆட்டைச் சந்தைக்கு ஓட்டறவங்கூட இப்படிக் கட்ட மாட்டான்.”

“பாதுகாப்புக்குத்தான் அத்தை.”

“யாருக்கு? நான் எந்திருச்சு ஓடீருவன்னா?”

மிக நிதானமாக ஓட்டினேன். ஒவ்வொரு தடையிலும் அத்தையைக் கட்டியபடியே விட்டுவிட்டுப் பலகையோடு ஓடினேன். ஏழாவது தடையில் பஸ் எங்களைக் கடந்தது. ஜன்னலிலிருந்து எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கத்தினாள்: “ஏனுங்கக்கா, இன்னும் இங்கயேவா இருக்கறீங்க?”

“நீ போயி எனக்கும் சேத்துக் கடை விரி சாமி! நான் பொங்கலுக்குள்ள வந்தர்றேன்!”

சந்தையில்தான் தெரிந்தது, அத்தையால் வெளியே வர முடியவில்லை. இருக்கை தரையிலிருந்து ஒரு சாண் உயரம். சேலை கட்டியவர் அந்த ஆழத்திலிருந்து ஊன்றி எழ வழியே இல்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். அத்தை வரவில்லை, வளையல் வந்தது. பூண்டுக் கடைக்கார அம்மா ஓடிவந்து ஒரு கையைப் பிடித்தார். இன்னொருவர் இடுப்பைப் பிடித்தார். மூன்றாமவர் தூரத்திலிருந்தே, “உருட்டுங்க, உருட்டிவுட்டா வந்துருவாங்க!” என்று யோசனை சொன்னார். அத்தை உருட்டப்பட்டார். கூட்டம் கை தட்டியது. நான் பலகைகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். துடைக்க ஒன்றுமில்லை.

மதியம் அத்தை திரும்பி வந்தார். மிளகு விற்றாயிற்று. ஊரில் நாலைந்து வீட்டுக்குப் பங்கு போட ஒரு மூட்டை வரமிளகாய் வாங்கியிருந்தார்.

“நான் பஸ்ஸுல வாரேன் கண்ணு.”

கார் விற்பனைக்கான விளம்பரத்தின் முதல் வரி என் மனதில் தயாராகிவிட்டது. ஆனாலும் கேட்டேன்: “இன்னும் மெதுவா ஓட்டறேன் அத்தை.”

“இதுக்கு மேல மெதுவா ஓட்டுனா பின்னாலதான் போகோணும்.”

சொல்லிவிட்டு அத்தை கதவைத் திறந்து, மிளகாய் மூட்டையை இருக்கையில் இறக்கினார். தொட்டில் போன்ற ஆழத்தில் மூட்டை சரியாகப் பொருந்தியது. நான்கு பட்டைகளையும் காலையில் நான் செய்த வரிசையிலேயே மாட்டி, இழுத்து இறுக்கி, ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தார். மூட்டை அசையவில்லை.

“இதென்னடி இது,” என்றார் அத்தை, அன்றைக்கு முதல் முறையாக மரியாதையான குரலில். “பஸ்ஸுல மூட்டைய ஏத்தறதுக்குள்ள கண்டக்டர்கிட்ட எத்தன பேச்சு வாங்கறோம்! வளைவுக்கு வளைவு உருண்டு யாராச்சும் காலு மேல போயி உழுகுது. இங்க பாரு, மாப்பிள்ளையாட்ட ஒக்காந்திருக்குது.”

நான் ஊர் வந்து சேர்ந்தபோது பஸ் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. வாசலில் அம்மாவும் அத்தையும் நின்றார்கள். வழியெல்லாம் மிளகாய் நெடியில் தும்மி, கண்கள் சிவந்து இறங்கினேன். அழுதிருக்கிறேன் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கிய குரலில் அத்தையிடம் கேட்டார்: “எப்படீங்க அண்ணி வண்டி?”

அத்தை யோசித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பாதி பயத்தால், பாதி நெடியால்.

“ஆளுக்கு ஆகாது. மூட்டைக்கு இதைவிட்டா வேற வண்டியில்ல.”

அம்மா காரைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தார். “அப்ப அடுத்த சந்தைக்கு நம்ம மிளகையும் போட்டுக்க,” என்றார். அவ்வளவுதான். விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை.

இப்போது சந்தை நாளில் ஆட்கள் பஸ்ஸில் போகிறார்கள், மூட்டைகள் என்னோடு வருகின்றன. காலி இடத்தோடு நான் கீழே போவதில்லை, மேலே வருவதும் இல்லை. யார் வீட்டு மூட்டை, என்ன எடை, எது இருக்கையில், எது தரையில் என்று புதுப் பட்டியல் வைத்திருக்கிறேன். பட்டையை மிளகாய்க்கு இறுக்கமாகவும் பூண்டுக்குக் கொஞ்சம் தளர்வாகவும் போட வேண்டும்.

பழைய பட்டியலில் பதின்மூன்று வரிகளை அடித்துவிட்டேன். முதல் வரி மட்டும் இருக்கிறது. ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பினால் மூட்டையிலிருந்து நெடி கிளம்பிக் கண் தெரியாமல் போகும். அதனால் எழுபதையும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஏறுகிறேன்.