மாடியில் யார் இருக்கிறார்கள்?

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்றால், ஊர் சத்தத்தையெல்லாம் காகிதத்தில் இறக்கி, சத்தமில்லாத அலுவலகங்களில் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் என்று அர்த்தம். இந்தப் பதவியில் மாட்டிக்கொண்ட மற்றவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் சங்கம் மலையாள நாட்டில், தமிழர்கள் நிறையப் பேர் இருக்கும் ஆரியசாலையில் இருக்கிறது. கீழே மொத்த வியாபாரக் கடைகள், மேலே வீடுகள். வீடுகள் ஒவ்வொன்றாகக் குடோன் ஆகிவிட்டன. இந்த வரிசையில் மிச்சம் நானும் அடுத்த வீட்டுக் கோமதியும்தான். அவள் கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். இரவெல்லாம் விழித்திருந்து பகலில்தான் கண்ணயர்வார். அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே புதிதாக இரும்புத் தகடு வெட்டும் கடை வந்தது. சத்தம் நிற்காவிட்டால் நாகர்கோவிலில் மகள் வீட்டோடு போய்விடுவதாகக் கோமதி சொல்லிவிட்டாள். அவள் போனால் சங்கத்துக்குச் செயலாளர் மட்டும்தான் மிஞ்சுவாள்.

ஐம்பத்தைந்து

முதலில் சட்டத்தைப் படித்தேன். காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை பகல். குடியிருப்புப் பகுதியில் பகலில் ஐம்பத்தைந்து டெசிபலும் இரவில் நாற்பத்தைந்தும் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு இவற்றைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம்; அங்கே வரம்பு இன்னும் குறைவு. அமைதிக்கு ஒரு மண்டலம் என்ற சொல்லே எனக்குப் பிடித்துப்போய், கோமதிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அவள் கணவரின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"அப்போ இவரை ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய்க் கிடத்தினாத்தான் தூங்க விடுவாங்களாக்கா?"

போலீஸ் ஸ்டேஷனில்

மனுவோடு போனேன். கீழ்க் கடைக்காரரோடு மனக்கசப்பு வேண்டாம், எங்கள் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று கோமதி சொல்லியிருந்தாள். எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. எஸ்.ஐ. மரியாதையாக நாற்காலி போட்டார். பெயரைச் சொல்லாமல் கடைக்கு ஓர் ஆளை அனுப்பி விசாரிப்பதாக வாக்கும் கொடுத்தார். மைக் செட் என்றால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாமாம். பகலில் ஓடும் மிஷினை நிறுத்த, அளந்து பார்த்த ரிப்போர்ட் வேண்டுமாம். அதற்கு வேறு ஆபீஸ். நான் எழுந்தபோது வருத்தப்பட்டுத்தான் சொன்னார்:

"அம்மா, ஒரு நாள் ராத்திரி பத்து மணி கழிஞ்சு அவன் தகடு வெட்டினா உடனே போன்ல விளிச்சுச் சொல்லணும் கேட்டோ, நான் ஜீப்போட வந்துடறேன்."

அந்தக் கடைக்காரர் ஒரு நாளும் அந்த உதவியைச் செய்யவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடுவார்.

மீட்டர் வந்த நாள்

பல தடவை போன் செய்த பிறகு, அளக்கும் ஆபீஸிலிருந்து ஓர் இளம்பெண் வந்து, முதலில் கடைவாசலில் அளந்து பார்த்தாள். எங்கள் மாடிப்படி பின் சந்தில், கைப்பிடி ஆடும். பிடித்துக்கொள்ளாமலே ஏறிவிட்டாள். கோமதியின் ஜன்னலோரம் மூன்று கால் ஸ்டாண்டில் மீட்டரை வைத்துவிட்டு, யாரும் பேச வேண்டாம் என்று சைகை காட்டினாள். அவர் தூக்கம் கலையக் கூடாதென்று அந்த வீட்டில் நாங்கள் வாய்விட்டுப் பேசி நாளாயிற்று. அதில் சிரமம் ஒன்றும் இல்லை.

கீழே கட்டர் கிறீச்சிட்டது. படுத்திருந்தவரின் நல்ல கை போர்வையை இறுக்கிப் பிடித்தது. மீட்டரில் எண் ஏறுவதைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சத்தத்துக்காக நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் கடைக்காரர் விட்டு விட்டுத்தான் வெட்டுகிறார். சட்டம் சராசரியைப் பார்க்கிறது. சராசரி அறுபதுக்கு மேல், அறுபத்தைந்துக்குக் கீழ். ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டதே என்றேன். அந்தப் பெண் பைக்குள்ளிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தாள். எங்கள் தெரு வணிகப் பகுதி. அங்கே பகல் வரம்பு அறுபத்தைந்து. என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்:

"மேடம், நீங்க இவிட வீடு வச்சுத் தாமசிக்கிறது சரிதான். பக்ஷே பிளான்ல இங்க ஆரும் தாமசிக்கலை."

வேன் வந்த காலை

நாகர்கோவிலிலிருந்து மருமகன் வேன் கொண்டுவந்தார். பின் சந்துக்குள் வேன் நுழையாது. சுமட்டுத் தொழிலாளர் இருவர் கோமதியின் கணவரை நாற்காலியோடு இறக்கி, சந்து வழியாகச் சுற்றிக் கடைவாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் மருந்துப் பையோடு கோமதி. அவள் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நான்.

கட்டர் சட்டென்று நின்றது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஓடி வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், எங்கள் பேச்சுதான். நாற்காலியின் ஒரு காலைத் தானும் பிடித்து வேனில் ஏற்றினார். போலீஸ் வந்தது, மீட்டர் வந்தது எல்லாம் எதிர்க்கடைக்காரரின் வேலை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாராம். "எங்கேருந்து இவங்கள கூட்டிட்டு வாறீங்க?" என்று என்னைக் கேட்டார். அண்ணாந்து ஜன்னலைக் காட்டினேன். அவரும் அண்ணாந்து பார்த்தார். கோமதி வேனுக்குள்ளிருந்து என் கையைப் பிடித்தாள். வண்டி நகர்ந்ததும் விட்டாள். அவர் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளு இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதாம்மா? மதியம் போல நிறுத்தி வச்சிருப்பேனே. ஒரு பேச்சுச் சத்தம், பாத்திரம் உருளுத சத்தம் ஒண்ணும் கேக்காது, குடோன்னுல்லா நெனச்சேன்."

சத்தம் இதற்கு மேல் போகக் கூடாது என்று எழுதிய சட்டம், ஒரு வீட்டில் இதற்குக் கீழேயும் போகக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருந்தால், எங்கள் மாடிக்குத்தான் முதலில் ஆள் அனுப்பியிருக்கும்.