சும்மாட்டுத் துணி

மாங்காயும் மண்பானையும் வரையச் சொல்லிக்கொடுத்தே ஜேசுபாதம் வாத்தியாருக்குப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. அந்த அலுப்பு அவர் சாக்பீஸ் பிடிக்கும் விதத்திலேயே தெரியும். 1944-இல் பள்ளிக்கூடச் சித்திரக் கண்காட்சிக்கு 'நம் துறைமுகம்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். யுத்த காலம், காகிதமும் இல்லை, வர்ணமும் இல்லை. அவர் ஒரு கோணிச்சாக்கை விரித்து, வேப்பம்பிசின் தடவி, கரித்தூளையும் சங்குச் சுண்ணாம்பையும் அப்பினார். கப்பல் இல்லை, தோணி இல்லை, ஆளும் இல்லை. மேலே ஒரு பெரிய கறுப்பு. அதன் அடியில் நசுங்கிய வெள்ளைக் கீற்று ஒன்று.

அந்தக் கீற்று அவருடைய அண்ணன் ஞானதீபம். துறைமுகத்தில் தோணியிலிருந்து நிலக்கரிக் கூடை சுமந்தே தம்பியைப் படிக்கவைத்தவர். நாற்பத்தைந்து வயதுக்குள் கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது. ஊரார் என்ன சொன்னாலும் சரி, அண்ணன் பார்த்து 'ஆமா' என்றால் போதும் என்றிருந்தது ஜேசுபாதத்துக்கு.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்த அண்ணன் சாக்கைத் தடவிப் பார்த்தார்.

“என்னதுலே இது, பூனை படுத்த அடுப்பு மாதிரி?”

“நீங்க சுமக்கீயள்லா, அதுதாண்ணே.”

“போலே! இது உம் பொஞ்சாதி அடுப்புல அள்ளுன கரி. ஊதினா பறக்கு. கப்பல் கரி மினுங்கும்லே, உள்ளங்கைய அறுக்கும். இதச் சுமக்க நான் எதுக்கு?”

மறுநாள் அண்ணன் ஆராதனைக்குப் போயிருந்தார். கூடைக்கு அடியில் தலையில் சுருட்டி வைக்கும் சும்மாட்டுத் துணி கொடியில் கிடந்தது. ஜேசுபாதம் அதை எடுத்து உதறினார். மினுங்கும் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. மிச்சம் வியர்வையோடு இறுகி, உப்புப் பூத்திருந்தது. அவர் அடுப்புக்கரியைச் சுரண்டி எறிந்துவிட்டு, துணியையே அந்த இடத்தில் வைத்துக் கோணி ஊசியால் தைத்தார். சாக்கு தொய்ந்தது. வரைந்தபோது வராத பாரம் இப்போது வந்திருந்தது.

அண்ணன் திரும்பி வந்து வெகுநேரம் பார்த்தார். கை தானாகப் பிடரிக்குப் போயிற்று.

“ஆமா” என்றார்.

பிறகு, “சரிலே, நாளைக்கு நான் எதைத் தலையில வைக்க?”

ஜேசுபாதத்துக்கு அது தோன்றவே இல்லை. துணிக்கும் ரேஷன் வந்திருந்த சமயம். கண்காட்சிக்கென்று வெளுத்து மடித்து வைத்திருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து நீட்டினார்.

“இவ்வளவு வெள்ளையா? ஆளுக சிரிப்பானுவ” என்றபடி அண்ணன் அதைச் சுருட்டித் தலையில் வைத்துப் பார்த்தார்.

“கெடக்கட்டும். ரெண்டு நாள்ல கறுத்துரும்.”