முனிராஜ் அடைத்த ஓட்டை

ஸ்ரீராம்புரத்தில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் முனிராஜைத்தான் கூப்பிடுவார்கள். ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து அவர் அடைத்த ஓட்டை மறுபடி ஒழுகியதாகச் சரித்திரம் இல்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டும், முப்பது வருட வேலை.

ரிச்சர்ட்ஸ் டவுனில் சிந்தியா டீச்சர் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, டிரெய்லரோடு வாசலில் நிறுத்தியிருந்தார். காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற அளவுதான். பக்கவாட்டில் ஒரு விரிசல். அதை ஒட்ட முனிராஜ் போனார். வேலை முடிகிற நேரத்தில், இருக்கைப் பலகைக்கு அடியில் விரல் நுழைகிற ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது. படகில் ஓட்டையா! காசு கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், அதையும் அடைத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஏரிக்குக் கிளம்பிய டீச்சர், எங்காவது ஒழுகினால் பார்க்க ஆள் வேண்டுமே என்று அவரையும் அழைத்துப் போனார். படகு தண்ணீரில் இறங்கியது. டீச்சரின் மகள் லீனா முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். டீச்சர் பின்பக்கம் குனிந்து ஒரு வால்வைத் திறந்தார்.

"ஐயோ மேடம், தண்ணி உள்ள வந்துடும்!" முனிராஜ் பதறினார்.

"வரணும்ண்ணா. அடியில ஒரு டேங்க் இருக்கு. அது நெறைஞ்சாதான் வெயிட். இல்லேன்னா ஒரு காத்துக்கே கவுந்துடும். கரையில ஏத்தினதும் தொறந்து விட்டா காலியாயிடும், கார் இழுக்க லேசு."

முனிராஜுக்குத் தலை சுற்றியது. தண்ணீர் வந்தால் முழுகாதாம், வராவிட்டால் கவிழுமாம். இது என்ன கூத்து? டீச்சர் விளையாடுகிறாரா?

பத்து நிமிடம் கழித்து டீச்சர் வால்வை மூடினார். "ஃபுல்," என்றார்.

படகோ இம்மியும் அமிழவில்லை. அப்போதுதான் முனிராஜுக்கு உறைத்தது. காற்று வெளியேற வழியில்லாத தொட்டியில் தண்ணீர் ஏறாது. இதை அவரே எத்தனை மாடிகளில் சொல்லியிருக்கிறார்! தான் அடைத்த அந்த விரல் ஓட்டை காற்றுக்கு விட்ட வழியோ? இல்லை வேறு எதற்கோ? ஒன்றும் பிடிபடவில்லை. அடைத்ததைச் சொன்னால் முப்பது வருடப் பேர் போய்விடும். லீனா பாயின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தாள்.

"ஸ்வல்ப இருங்க மேடம், கொஞ்சம் பொறுங்க. பாப்பாவ எறக்குங்க. சீட்டுக்கு அடியில இருந்த ஓட்டைய நான்தான் அடைச்சுட்டேன்."

டீச்சரின் முகம் வெளுத்தது. லீனாவை இறக்கிவிட்டார். திட்டவில்லை. அதுதான் முனிராஜுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

வால்வை மறுபடி திறக்கச் சொல்லிவிட்டு, படகில் ஏறி, தான் போட்ட அடைப்பைத் தானே உளியால் குத்தினார். புஸ்ஸென்று காற்று சீறியது. படகு மெல்ல அமிழ்ந்தது. நல்லதுதான் நடக்கிறது என்று புத்திக்குத் தெரிந்தும், முனிராஜின் கை தானாக ஓட்டையை மூடப் போய்ப் பின்வாங்கியது. சிறிது நேரத்தில் காற்று நின்று, டேங்க் நிறைந்து, ஓட்டையில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. துணி சுற்றிய கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முனிராஜ் நிமிர்ந்தார். ஓட்டையை அடைக்க அவர் அதுவரை யாரையும் கேட்டதில்லை.

"இப்ப அடைக்கலாமா, மேடம்?"