தகடு ஆறும் நேரம்

என் மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை நின்றபோது, பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வரும்வரை தினமும் ஒரு செபமாலை முழுதாகச் சொல்கிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன்.

வீட்டில் அது நடக்காது. அனகாபுத்தூரில் எங்கள் சந்துக்கு விடியற்காலையில்தான் தண்ணீர் வரும். அதைப் பிடித்து, சமைத்து, டப்பா கட்டி, கம்பெனி வேனைப் பிடிக்க ஓட வேண்டும். ராத்திரி முழங்கால் போட்டால் மாலையில் முதல் பத்து மணியை உருட்டி முடிப்பதற்குள் தலை கட்டிலில் சாய்ந்துவிடும். ஆனால் எனக்கு வேலை செய்யும் இடத்தில் நேரம் இருந்தது.

வண்டலூர் தாண்டி ஒரு கம்பெனியில், கார் சீட்டுக்கு அடியில் வரும் சட்டத்தை ரோபோ வெல்டிங் செய்கிறது. அதற்குத் தகடு அடுக்கிக் கொடுப்பது என் வேலை. துண்டுகளை அச்சில் வைத்து, இறுக்கிவிட்டு, வெளியே வந்து பட்டனை அமுக்கினால் திரை இறங்கும். உள்ளே ரோபோவின் கை வேலையைத் தொடங்கும். எல்லாம் மெல்லிசுத் தகடு. ஒரே மூச்சில் போட்டால் சூடேறி ஓட்டை விழும், இல்லையென்றால் அப்பளம் போல நெளியும். அதனால் ஒரு மூலையில் கொஞ்சம் போட்டுவிட்டு, தகடு ஆறும்வரை அந்தக் கை சும்மா நிற்கும். பிறகு எதிர் மூலை. மறுபடி நிற்கும்.

அது நிற்கும்போதெல்லாம் மாலையின் ஒரு மணிக்குரிய அருள்நிறை மந்திரத்தை நான் சொல்லிவிடுவேன். கழுத்திலோ கையிலோ எதுவும் தொங்கக்கூடாது என்பதால் செபமாலை சாப்பாட்டுப் பையிலேயே கிடக்கும். கையுறைக்குள் ஒவ்வொரு விரலாக அழுத்திக்கொள்வேன். பத்து விரலும் முடிந்தால் ஒரு பத்து மணி. ஷிஃப்ட் விடுவதற்குள் ஐந்து பத்தும் சொல்லி செபமாலை முடிந்திருக்கும்.

மகளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது புது வெல்டிங் மிஷின் வந்தது. ரோபோவின் கை அதேதான், முனையை மட்டும் மாற்றினார்கள். எங்கள் லைனைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் தம்பி கூப்பிட்டுக் காட்டினார்.

"அக்கா, இதுல கம்பி தகட்டைத் தொட்டுத் தொட்டுப் பின்னால வந்துடும். தையல் மிஷின் ஊசி மாதிரி. சூடு கம்மி. முன்னாடி ஒரு லேசர் கண்ணு வேற, இடைவெளி எங்க இருக்குன்னு பாத்துகிட்டே போகும்."

"அப்ப ஆற விட வேணாமா தம்பி?"

"வெயிட்டிங்கே இல்லக்கா. அதான் மேட்டரே."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பார்க்க எனக்கும் அழகாகத்தான் இருந்தது. பொறி அதிகம் பறக்கவில்லை. வெல்டிங் மீன் செதில் போல வரிசையாக விழுந்திருந்தது. தகடு துளியும் நெளியவில்லை. நல்லதுப்பா என்று சொல்லிவிட்டு வந்து நின்றேன். திரை இறங்கியது. ஒரு விரலை அழுத்தி, பாதி மந்திரம்கூடச் சொல்லவில்லை, திரை ஏறிவிட்டது. ஏறினால் உடனே அடுத்த தகட்டை வைக்க வேண்டும்.

மகள் மேடவாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். டாக்டரம்மா படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். நான் வீடு வந்து சேரும் நேரத்துக்கு தினமும் போன் செய்வாள்.

"செபமாலை ஆச்சாம்மா?"

"இனிமேதாண்டி" என்றேன் அன்றைக்கு.

"சரிம்மா" என்றாள், குரல் உள்ளே போய். அந்தக் குரல் என்னைத் தூங்கவிடவில்லை. முகத்தைக் கழுவிக் கழுவி, சுவரோரம் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். கண்ணில் மிளகாய்த் தூள் விழுந்த மாதிரி எரியும். கால் என்னுடையது மாதிரியே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபாதரிடம் சொன்னேன். "வேலையே செபம்தாம்மா. கடவுளுக்குத் தெரியும்" என்றார். கடவுளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் மாதாவிடம் சொன்னது செபமாலை, வேலை இல்லையே.

எங்கள் மிஷினில் முடிந்த சட்டங்களை எடுத்து அடுக்குகிறவள் பம்மலில் இருந்து வருகிறாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் முருகனுக்கு விரதம் இருப்பவள். வேனில் என் பக்கத்து சீட்.

"இன்னாக்கா, பேயறைஞ்ச மாதிரி கீறே. வூட்ல அண்ணன் தூங்க வுடறதில்லையா?"

"உங்க அண்ணன் குறட்டை விடறதோட சரி" என்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன்.

"அடப்பாவமே. உன் சாமி நேரத்த அந்த ரோபோ துன்னுட்ச்சா?"

"சிரிக்காதடி."

"சிரிக்கலக்கா. வேன்ல சொல்லேன்."

"உக்காந்தாலே கண்ணு சொக்குது."

"அப்ப நான் எதுக்கு கீறேன்?"

அன்றிலிருந்து வேன் கிளம்பியதும் மாலையை எடுத்துவிடுவேன். நான் சாய்ந்தால் முழங்கையால் ஒரு இடி விழும். முன்பெல்லாம் பெருங்களத்தூரில் வண்டி நின்றால் முதலில் புலம்புகிறவள் நான்தான். இப்போது இரும்புலியூர் வரை ஊர்ந்தே போகட்டும் என்றிருக்கும். மற்றவர்கள் வெயிலில் வெந்துகொண்டு டிரைவரைத் திட்டும்போது எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்வாகக்கூட இருக்கும்.

ஒரு நாள் ரோடு காலியாகக் கிடந்தது. வேன் பறந்தது. நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. விழித்தபோது பல்லாவரம் வந்திருந்தது. அவள் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நான் விட்ட மணியோடு சேர்த்து என் கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"எவ்ளோ இடிச்சும் நீ எழுந்துக்கல. மணிய மட்டும் வுடல நான். இங்கதான் நிறுத்தினே, சொல்லு" என்றவள் முன்பக்கம் பார்த்துக் கத்தினாள். "அண்ணா, மெதுவா போண்ணா. மாமியார் வூட்ல விருந்தா இன்னிக்கு?"

"டெய்லி லேட்டு லேட்டுன்னு கத்துவே. இன்னிக்கு இன்னா வந்துச்சு?" என்றார் டிரைவர்.

"அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி கீது."

என்ன பாக்கி என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் வேகத்தைக் குறைத்தார். நான் உதடு அசையச் சொல்லிக்கொண்டே வந்தேன். பம்மலில் அவள் இறங்கும்போது கடைசி மணியில் இருந்தேன். வாயில் மந்திரம் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

சந்துக்குள் நடக்கும்போது போன் வந்தது.

"ஆச்சாம்மா?"

"ஆச்சுடி. நீ படு."

மாலையைப் பைக்குள் வைக்கத் தெம்பில்லை. கையில் சுற்றிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.