மூன்றே முக்காலுக்கு வந்தவள்

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். ஆனால் அந்தப் பச்சையைக் குத்தியது இந்தக் கைதான்.

1991 டிசம்பர் 23, திங்கட்கிழமை. லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் பச்சை குத்துகிற கடையொன்றில் வேலை செய்தேன். முதலாளி நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார். மன்னாரில் இருந்த மனைவியிடமிருந்து ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. மூன்று நாளாக நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று ஒரேயொரு ஆள்தான். மோரீன் என்ற ஐரிஷ் நர்ஸ், நாலு மணிக்கு. நேரில் பார்த்ததில்லை. முதுகில் குத்தவேண்டிய உருவத்தின் படத்தைத் தபாலில் அனுப்பியிருந்தாள். அவளுடைய ஊரில், பழைய தேவாலயச் சுவரில் எழுநூறு வருடத்துக்கு முன் செதுக்கிய பெண். மொட்டைத் தலை. பெரிய கண்கள். எண்ணக்கூடிய விலா எலும்புகள். இரண்டு கையாலும் தன் பெண்குறியை விரித்துக் காட்டியபடி குந்தியிருந்தாள். இப்படியான சிலையை ஷீலா என்பார்களாம்.

அதை மெல்லிய தாளில் பிரதி எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். 3.45. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கதிரையில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

கதவு மணி அடிக்கவில்லையே...

"மோரீனா?"

"குத்துங்கோ."

தொட்டேன். அப்படியொரு குளிர். பனிக்குள் நடந்து வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"நோகுதா?"

"இல்லை. நிப்பாட்டாதேங்கோ."

இரத்தம் வரவில்லை. ஒரு துளிகூட. ஊசி முறிந்தது. மாற்றினேன். அதுவும்... டக்.

"ஏன் இந்த உருவம்?"

"தனிய இருந்து அலுத்துப்போச்சு. ஒரு துணை வேணும்."

மூன்றாவது ஊசியை மாட்டினேன்.

"எனக்கும்தான்" என்றேன்.

4.50. கடைசிக் கோடு. மெஷினை நிறுத்தினேன்.

அப்போதுதான் உறைத்தது.

நான் தமிழில் கேட்டிருக்கிறேன்.

அவளும்... தமிழில்.

துடைக்கத் துணி எடுத்துத் திரும்பினேன்.

வெறும் கதிரை.

ட்ரிங்... ட்ரிங்... டெலிபோன். 4.52.

"மோரீன் பேசுகிறேன்," ஆங்கிலத்தில் ஒரு குரல். "ரயில் ஓடவில்லை. இன்றைக்கு வர முடியவில்லை, மன்னியுங்கள்."

ஜனவரியில் மோரீன் வந்தாள். பச்சை குத்த அல்ல. படத்தை வாங்கிப்போக.

"ஏன், மனம் மாறிவிட்டதா?"

"நத்தார் முடிந்து தேவாலயச் சுவரைத் திருத்தினார்கள். என் தம்பிதான் மேசன். முதல்தடவையாக ஷீலா இருக்கிற அந்தக் கல்லைக் கழற்றித் திருப்பியிருக்கிறான். பின்பக்கம் இன்னொரு ஷீலா."

"செதுக்கியதா?"

மோரீன் தலையாட்டினாள். இல்லை.

"நீல மை. ஊசியால் குத்தினதுபோல, புள்ளி புள்ளியாக... துடைத்தாலும் போகவில்லையாம்."